மேல்ஸ்தாயிக்கு மூச்சு அதிகம் வேண்டாம்

போன மாதம் ஒரு வளைகாப்பில் நம் வயதுக்காரி ஒருத்தி, வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, நம் அப்பா அம்மா அடித்தாலும் திட்டினாலும் எல்லாம் நம் நல்லதுக்குத்தான், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கே புரிகிறது என்று சொன்னாள். சுற்றி உட்கார்ந்திருந்த நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். சபையில் வேறு என்ன செய்ய? ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஏன் ஆட்டினேன், ஏன் ஆட்டினேன் என்று நாள்கணக்காக எனக்கு நானே கேட்டுக்கொண்டு திரிந்தேன். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது முன்னே பின்னே இருக்கும். கோபம் மட்டும் சரியாக இருக்கும்.

எனக்குப் பதின்மூன்று வயதில் புல்லாங்குழலில் மேல்ஸ்தாயி வந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. கஷ்டப்பட்டும் வரவில்லை. சும்மா வந்தது. அதை என்னிடமிருந்து பிடுங்கினார்கள், என் நல்லதுக்கு என்று சொல்லி.

அப்போது எங்கள் வீடு கடலூருக்குத் தெற்கே, செம்மங்குப்பம் பக்கம். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். அப்பா அதில் ஒன்றில் ஃபிட்டர். மதியம் திரும்பிக் கடல்காற்று எழும்பினால் அதோடு ஒரு நாற்றமும் எழும்பி வரும். ஒருநாள் அழுகின கொய்யாப்பழத்தில் மண்ணெண்ணெய் ஊற்றின மாதிரி, ஒருநாள் ரப்பர் கருகின மாதிரி, இன்னொரு நாள் முட்டை கெட்ட மாதிரி. பிள்ளைகள் நாங்கள் அதை வைத்து விளையாடுவோம். நாளைக்கு என்ன வாசனை வரும் என்று முந்தினநாளே சொல்லிவைத்து, சரியாகச் சொன்னவர்களுக்குப் புளியங்காய். வெள்ளிக்கிழமை தேய்த்து வைத்த குத்துவிளக்கு ஞாயிற்றுக்கிழமை கறுத்துப்போகும். அம்மா, கடைக்காரன் கொடுத்த புளி சரியில்லை என்பாள். கடையை மாற்றினாள். மறுபடியும் கறுத்தது. மறுபடியும் புளியைத்தான் திட்டினாள்.

சிதம்பரத்தில் அப்பாவின் அக்கா வீடு இருந்தது. ஆனித் தேருக்குப் போயிருந்தபோது அத்தையின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, கீழவீதியில் எனக்கு ஒரு மூங்கில் குழல் வாங்கிக் கொடுத்தார். என் தம்பிக்கு ஊதல், தங்கைக்கு வளையல், எனக்குக் குழல். ஊதல் இரண்டே நாளில் உடைந்தது. குழல் நின்றது. வாய்வைக்கும் துளையில் ஒரு சிராய் இருக்கும், உதட்டில் குத்தும். அம்மியில் கொஞ்சம் உரசி அதைச் சரிசெய்தேன்.

கம்பெனியில் மூன்று மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதும். ஒரே சுரத்தில் நீளமாக ஊதி, முடிவில் சற்றே தொங்கிப்போகும். எனக்கு அதுதான் சுருதிப்பெட்டி. அது ஊதும்போது நானும் ஊதிச் சேருகிறதா என்று பார்ப்பேன். கீழே சேர்ந்தது. பிறகு ஒருநாள் அதே சுரம் மேலே, இரட்டிப்பு உயரத்தில் கிடைத்தது. ஒரு கணம் யார் ஊதியது என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாத் தப்பும் இங்கேதான் தொடங்கியது. மேலே போகப் போக பலமாக ஊத வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி ஊதினால் குழல் கிறீச்சிடும், மூச்சு வீணாகும், அவ்வளவுதான். துளைகள் அதே துளைகள்தாம். உதட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் குவித்து, நடுவில் ஓர் அரிசி நுழையும் இடம் விட்டு, காற்றை மெல்லிசாக்கி, ஊசியில் நூல் கோப்பது மாதிரி துளையின் எதிர்விளிம்பில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வைத்தால் போதும். குழல் தானாக ஏறிக்கொள்ளும். கீழ்ச் சுரத்துக்குத்தான் எனக்கு மூச்சு ஜாஸ்தி செலவாகும். மேலே இருக்கும்போது மூச்சு மிச்சமாகும். இதை நான் அந்த வயதிலேயே எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை.

நம்பினது பாட்டு டீச்சர் மட்டும்தான். அவருக்குக் குழல் தெரியாது, ஆர்மோனியம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு விழாவுக்கு நான் ஊதினபோது ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவை வரச்சொல்லிப் பேசினார். சிதம்பரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான போட்டி நடக்கிறது, இவள் முதலாவதாக வந்தால் அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாம், சாயங்காலம் சங்கீதம் படிக்கலாம், தங்குவதற்குத்தான் அவள் அத்தை வீடு இருக்கிறதே என்றார். அப்பா தலையைச் சொரிந்துகொண்டு, ஜெயிக்கட்டும் பார்ப்போம் என்றார். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் ஏது. அந்த ஒன்றைத் தவிர உலகத்தில் எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. ஜெயிக்க வேண்டும், சிதம்பரம் போக வேண்டும். போகிற பஸ் கவிழ்ந்துவிடுமோ, அன்றைக்கு உதட்டில் புண் வந்துவிடுமோ, குழலை எலி கடித்துவிடுமோ என்று பயந்து, குழலைத் துணியில் சுற்றி அரிசிப்பானைக்குள் வைத்தேன்.

இதற்கு நடுவில் இருமல் வந்தது. எனக்கு மட்டும் இல்லை. எதிர்வீட்டில் என் கூடப் படித்தவள் ஒருத்தி, அவளுக்கும் இருந்தது. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது. பிள்ளைகள் என்றால் இருமும், மழை என்றால் பெய்யும் என்கிற மாதிரிதான் பெரியவர்கள் இருந்தார்கள். கம்பவுண்டர் எல்லாருக்கும் ஒரே சிவப்பு மருந்தைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்.

மாமா அந்த சமயத்தில் ஒருமுறை வந்திருந்தார். மாமாவின் குடும்பம் நாதஸ்வரக் குடும்பம். அவர் நெல் மண்டிக்குப் போய்விட்டார், ஆனால் அவர் அண்ணன் பெரிய வாசிப்புக்காரர். முப்பது வயதைத் தாண்டாமல் ரத்தம் ரத்தமாக இருமிச் செத்துப்போனவர். மாமா என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். நான் மேலே போனபோது அவருடைய முகம் சுருங்கியது. ரொம்ப நேரம் என் கன்னத்தையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தார். நரம்பு புடைக்கவில்லை, கன்னம் உப்பவில்லை. யாராக இருந்தாலும் அதைப் பார்த்து, இந்தப் பெண்ணுக்குச் சுலபமாக வருகிறது என்றுதான் நினைப்பார்கள். மாமா வேறு மாதிரி கணக்குப் போட்டார்.

"எங்கண்ணன் ஊதுனா கன்னம் பந்து மாதிரி நிக்கும். கழுத்து நரம்பு வெரல் தடிமன் இருக்கும். பசுநெய், முட்ட, பாதாம்பாலுன்னு உள்ள போட்டுப் போட்டு ஊதுன ஆளு. அவருக்கே நெஞ்சு தாங்கல மச்சான். இது கஞ்சி குடிக்கிற புள்ள. மொகத்துல ஒண்ணுமே தெரியல பாருங்க. வெளிய தெரியலன்னா அம்புட்டும் உள்ளதான முக்குது?"

அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வை மாறியது. நான் மாமாவிடம், முக்கவே இல்லை மாமா, நீங்களே ஊதிப் பாருங்கள், மெதுவாக ஊதினால்தான் வரும் என்று குழலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பாம்பை நீட்டின மாதிரி பின்னால் சாய்ந்தார்.

இன்றைக்கும் மாமாமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் செத்த அண்ணனை என் முகத்தில் பார்த்தார். தப்பாகப் பார்த்தார், ஆனால் பொய்யாகப் பார்க்கவில்லை.

போட்டிக்கு மூன்று நாள் முன்பே டீச்சர் என்னை அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார். புதுச்சத்திரம் தாண்டினதும் ஜன்னல் வழியாக வெறும் காற்று வந்தது. வெறும் காற்றுக்கு வாசனையே கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் இருமினேன். இரண்டாம் நாள் காலையில் மட்டும். மூன்றாம் நாள் இருமினேனா என்று எனக்கு ஞாபகமே இல்லை. அத்தை மிளகுப்பால் கொடுத்தாள், அதனால்தான் என்றாள். போட்டி நடந்த இடத்தில் மேலே ஓட்டுக்கூரை, கீழே ஜமக்காளம். எனக்கு முன்னால் ஒரு பையன் வயலின் வாசித்தான். என் முறை வந்தபோது குழல் கையிலிருந்து வழுக்கிவிடுமோ என்று பயந்தேன், அதை வாயில் வைத்ததும் பயம் போய்விட்டது. மேல்ஸ்தாயியில் போய் நின்றேன். இறங்கவே மனசில்லை. கூரையில் இருந்த புறாக்கள் கூடப் பேசாமல் இருந்த மாதிரி எனக்கு நினைப்பு. முதல் பரிசு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. டீச்சர் அழுதார். அத்தை அன்றைக்கே அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்து, இது உன் துணிக்கு என்றாள்.

ஒரு தட்டு. என் பெயருக்கு. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

துணிமணி எடுத்துவர வீட்டுக்குத் திரும்பினோம், மாமாவும் கூட வந்தார். மறுநாள் மதியம் காற்று மாறியது. அன்றைக்கு முட்டை கெட்ட வாசனை, வழக்கத்தைவிடக் கனமாக. எனக்கு இருமல் பிடித்து நிற்கவே இல்லை. தாவணி நுனியால் வாயைப் பொத்தினேன். எடுத்துப் பார்த்தால் சிவப்பாக ஒரு கோடு. குங்குமம் இழுத்துவிட்ட அளவுதான் இருக்கும். மாமா அதைப் பார்த்துவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போட்டியில் மேலே போய் அவ்வளவு நேரம் நின்றதில் நெஞ்சுக்குள் ஏதோ கிழிந்துவிட்டது என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது.

அப்பா என்னைப் புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் என் முதுகில் குழாய் வைத்துக் கேட்டார், வீடு எங்கே என்று கேட்டார், தெருவில் வேறு யாருக்கு இருமல் என்று கேட்டார். நான் எதிர்வீட்டுக்காரியில் தொடங்கி விரல்விட்டுச் சொன்னேன். பிறகு என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் பேசினார். கதவு மூடியிருந்தது. அப்பா வெளியே வந்தபோது சட்டை முதுகு நனைந்திருந்தது. எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸில் வீடு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார். குழல் ஊதினதால்தான் வந்தது, இனி ஊதவே கூடாது, படிப்பும் வேண்டாம், நடமாட்டம் குறைத்து வீட்டிலேயே படுத்திருக்க வேண்டும், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் என்றார். அரிசிப்பானைக்குள் கைவிட்டுக் குழலை எடுத்தார். அவர் ஃபிட்டர் இல்லையா, உடைக்கவில்லை. ரம்பப் பிளேடை எடுத்துவந்து, குழலைப் படியில் வைத்துக் காலால் அழுத்தி, நாலு துண்டாக அறுத்தார். ஒரு சிராய் கூடக் கிளம்பவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை.

நான் அப்போது அழவில்லை. எதிர்வீட்டு வாசலில் என் கூடப் படித்தவள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு வாய் வந்துவிட்டது.

"அவ குழல் ஊதலயேப்பா. அவளுக்கு ஏன் இருமுது?"

அப்பா அதுவரைக்கும் என்னை அடித்தது கிடையாது. அன்றைக்கு அடித்தார். காது குப்பென்று அடைத்துக்கொண்டது. எதிர்த்துப் பேசுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாள், எல்லாம் அந்தக் குழலும் போட்டியும் கொடுத்த திமிர் என்றாள் அம்மா.

அப்புறம் என்னைப் படுக்க வைத்தார்கள். எங்கே தெரியுமா? நல்ல காற்று வரட்டும் என்று கிழக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே. மதியமானால் கம்பெனிக் காற்று நேராக என் முகத்தில் வந்து அடிக்கும். நான் இருமுவேன். பார்த்தாயா, ஊதினது இன்னும் ஆறவில்லை என்பார்கள். பாட்டு டீச்சர் ஒருநாள் வெயிலில் நடந்து வந்து, ஒரு வருடமாவது சிதம்பரத்தில் வைத்துப் பாருங்கள், குழலே வேண்டாம், படிக்கவாவது செய்யட்டும் என்று கேட்டார். அப்பா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்தில் என் பெயரை அடித்தார்கள். எதிர்வீட்டுக்காரி இருமிக்கொண்டே பத்தாவது பாஸ் செய்தாள். நான் படுத்துக்கொண்டே அவள் பை மாட்டிப் போவதைப் பார்த்தேன்.

பத்தொன்பது வயதில் நெல்லிக்குப்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இங்கே கரும்பாலை வாசனை உண்டு, ஆனால் அது வெல்லம் காய்ச்சுகிற வாசனை. மூன்று மாதத்தில் இருமல் நின்றது. என் மாமியார் தன்னுடைய தூதுவளை ரசம் என்றார். அம்மா தன்னுடைய வேண்டுதல் என்றாள். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. நான் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே போய் அவ்வளவு நேரம் நிற்காமல் இருந்திருக்கலாம், ஆசைப்பட்டு நின்றேன், அதனால் கிழிந்தது என்று. சின்ன வயதிலேயே நெஞ்சு கெட்டவள் என்று மாடிப்படி ஏறப் பயந்தேன், மழையில் நனையப் பயந்தேன், என் பிள்ளைகள் பலூன் ஊதினால் கூடப் பிடுங்கி நானே கட்டிக்கொடுத்தேன், அதுவும் சைக்கிள் பம்ப்பில் அடித்து. நாற்பது வருடம் இப்படி.

அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். போன கோடையில் டிவியில் கடலூர்க் கம்பெனி ஒன்றில் புகை என்று ஏதோ காட்டினார்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், அன்றைக்கே அந்த டாக்டர் சொன்னார் என்றாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். சும்மா கேட்டேன்.

"குழல நிறுத்தச் சொல்லலடி அவரு. ஊதுறது நெஞ்சுக்கு நல்லதுன்னுதான் சொன்னாராம். அந்தக் காத்துதான் ஆவல, புள்ளைய அந்த எடத்த விட்டுக் கொண்டுபோயிடுங்கன்னு சொன்னாராம்."

டிவியை நிறுத்தினேன். உனக்கு எப்போது தெரியும் என்றேன். உன் அப்பா டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார் என்றாள். அப்பாவுக்கு அந்த வேலையை விட்டால் வேறு வேலை கிடையாது, அது எனக்கும் தெரியும். வீட்டோடு கிளம்ப முடியாது, சரி. அதை நான் கேட்கவில்லை. வேறொன்று கேட்டேன்.

"என்ன மட்டுமாவது அனுப்பியிருக்கலாமேம்மா. அத்த தட்டெல்லாம் ஒழிச்சி வெச்சிருந்தாங்களே."

அம்மா கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"நீ அங்க போனா நல்லாயிடுவ. நல்லாயிட்டா, மத்த ரெண்டையும் ஏன் இங்க வெச்சிருக்கன்னு நான் கேப்பேன். தெருவு கேக்கும். கேட்டா அவரால அந்தக் கம்பெனி கேட்டுக்குள்ள மறுநாளு கால வெக்க முடியுமா?"

இதுதான் என் நல்லதுக்கு. நான் குணமாகிவிடக் கூடாது. குணமானால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரு குழலின் தலையில் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம், வேலைக்குப் போகலாம், சோறு சாப்பிடலாம். என் தம்பியும் தங்கையும் அந்தச் சோற்றில்தான் வளர்ந்தார்கள். நானும்தான். அதனால் என்ன செய்யலாம் என்கிறீர்கள்? அதற்காக அடித்த கையை இப்போது நான் கும்பிட வேண்டுமா? நான் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பதின்மூன்று வயதில் அந்தத் தெருவில் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். பதில் தெரிந்துகொண்டே அடித்தார்.

இரண்டு மாதம் அம்மாவோடு பேசவில்லை. சோறு போட்டேன், மாத்திரை கொடுத்தேன், பேசவில்லை. அவளுக்குக் கண் பரிசோதனை வந்தது, கடலூர் கூட்டிப்போனேன். திரும்பும்போது திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வைக்கோல் பொதியில் குழல்களைச் செருகி வைத்துக்கொண்டு விற்றார். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் அவரைக் கைதட்டிக் கூப்பிட்டாள். ஒன்றை வாங்கி என் மடியில் வைத்தாள்.

"ஊதேன்."

ஜனம் போய்க்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஆனாலும் எடுத்து வாயில் வைத்தேன். இத்தனை வருடம் கழித்து உதடு எங்கே குவியப்போகிறது என்று நினைத்தேன். கீழ்ச் சுரம் காற்றும் சத்தமுமாகக் கரகரத்தது. சரி, போய்விட்டது, விட்டது தொல்லை என்று ஒரு நிம்மதி கூட வந்தது. விடாமல் உதட்டை இன்னும் கொஞ்சம் குறுக்கினேன்.

ஏறிவிட்டது. மேல் ஷட்ஜம். அதற்கு மேலே ரிஷபம், காந்தாரம். ஒவ்வொன்றும் தானாக. ஒரு நரம்பு இழுக்கவில்லை, மூச்சு பாதிகூடச் செலவாகவில்லை. அம்மா என் வாயையும் பார்க்கவில்லை, விரலையும் பார்க்கவில்லை. என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இருமல் வருமா என்று. வரவில்லை.

வராமல் போயிருக்க வேண்டியது இருமல் இல்லை, அந்தச் சுரம். அது வராமல் போயிருந்தால், எப்படியும் நமக்கு இது நிலைத்திருக்காது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு அவர்களை மன்னித்திருப்பேன். ஆனால் அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.